இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடி!

சிறு வியாபாரிகள் சிறப்புக் கேள்வி–பதில்
பதில்கள்: சுங்கை ஊடாங் மாமா

வந்த கடிதங்களில் பாதி ஒரே அழுகை: "வாடிக்கையாளர் எங்கே?" மீதிப் பேர் அதையே மூன்று நிமிடக் குரல்பதிவாக அனுப்பியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு முதலில் பதில்.

முகநூலில் எனக்கு 4,800 நண்பர்கள். முறுக்கு வாங்க நாலு பேர் இல்லையே மாமா?
– முறுக்கு வியாபாரி, மஸ்ஜித் தானா

5,000 தொட்டதும் முகநூலே "போதும்பா" என்று கதவைச் சாத்திவிடும். இன்னும் 200 இடம் பாக்கி. அதற்குள் பல் உள்ள ஒருவரையாவது சேர்க்கப் பாருங்கள். கடைக்கென்று தனிப் பக்கம் திறங்கள். அதற்கு இந்தக் கணக்கு கிடையாது. நண்பர்கள் ருசி பார்க்க வருவார்கள், பாக்கெட்டை எடுத்ததும் பிள்ளைகள் நலம் விசாரிப்பார்கள்.

நெட்வொர்க்கிங், நெட்வொர்க்கிங் என்கிறார்களே, அது என்ன?
– மளிகைக் கடைக்காரர், காடேக்

நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் பேர் அடிபடுவது. நல்லபடியாக என்றால் வியாபாரம். இல்லையென்றால் போலீஸ் புகார்.

ஐம்பது வெள்ளி கட்டிப் பதிவை 'பூஸ்ட்' செய்தேன். 300 லைக் வந்தது. கார் கழுவ ஒரு கார்கூட வரவில்லை.
– கார் கழுவும் கடை, பத்து பெரெண்டாம்

லைக் போட்டவர் எந்த ஊர் என்று பார்த்தீர்களா? ஈப்போக்காரர் உங்களிடம் கார் கழுவிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் அது மறுபடி அழுக்காகிவிடும்.

விளம்பரம் போடும்போது வரைபடத்தில் வட்டம் வரையும் வசதி உண்டு. கடையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் போதும். என்ன வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'செய்தி அனுப்பச் சொல்' என்பதைத் தட்டுங்கள். முகநூல் கேட்டதைத்தான் கொடுக்கும். நீங்கள் லைக் கேட்டீர்கள், மூட்டையாகக் கொடுத்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் பாசாரில் வெங்காயம் கேட்டுப் பாருங்கள்.

சொந்தக்காரர்களே என்னிடம் தைக்கக் கொடுப்பதில்லை. வெளியாள் எப்படி வருவார்?
– ரவிக்கை தைப்பவர், அலோர் காஜா

சொந்தக்காரர் வராதது லாபம் அம்மா. வந்தால் கூலி வராது.

1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைப் பிடித்து, "அந்த ஆளை அப்போது எத்தனை தடவை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று விசாரித்தார். அடிக்கடி பார்க்கிறவர் மூலம் வேலை கிடைத்தது 16.7 விழுக்காட்டினருக்கு. எப்போதாவது பார்க்கிறவர் மூலம் 55.6. அபூர்வமாகப் பார்க்கிறவர் மூலம் 27.8.

இதில் மாயம் ஒன்றுமில்லை. உங்கள் அத்தைக்குத் தெரிந்த எல்லாரையும் உங்களுக்கும் தெரியும். மணப்பெண் அலங்காரம் செய்கிற பெண்ணுக்குத் தெரிந்தவர்களை உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு ரவிக்கை கச்சிதமாகத் தைத்துக் கொடுங்கள். மாலை கட்டும் அக்காவுக்கு இன்னொன்று. அத்தை வரிசையில் நிற்கட்டும்.

வாட்சப் 'பிராட்காஸ்ட்' பட்டியலில் தினமும் விளம்பரம் அனுப்புகிறேன். பதிலே இல்லை.
– பலகாரக் கடை, செங்

உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஒரு பட்டியலுக்கு 256 பேர் உச்சம். அதில் எத்தனை பேர் உங்களைச் சேமித்திருக்கிறார்கள்? சேமித்தவர்களும் தினமும் லட்டுப் படம் பார்த்தால் சர்க்கரை ஏறித் தடுத்துவிடுவார்கள். வாரம் ஒரு முறை போதும். வெள்ளிக்கிழமை காலையில் அனுப்புங்கள், விரதம் விடும் நேரத்துக்குள் பலகாரம் வீட்டில் இருக்கும்.

கோயில் வாட்சப் குழுவில் என் கடை விளம்பரம் போட்டேன். தூக்கிவிட்டார்கள். இது நியாயமா?
– பெயர் வேண்டாம், தஞ்சோங் கிளிங்

அர்ச்சனைத் தட்டில் விலைப்பட்டியல் வைத்தால் ஐயர் என்ன செய்வார்?

செங் சன்னாசிமலையில் மாசி மகத்துக்குக் கூட்டம் அலைமோதும். தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் ஊற்றுங்கள். பந்தலுக்குப் பின்னால் உங்கள் கடைப் பேரும் எண்ணும் இருக்கட்டும். குழுவிலிருந்து தூக்கியவரே முதல் கோப்பைக்குக் கை நீட்டுவார்.

பி.என்.ஐ. கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். விடிகாலையில் எழுந்து போக வேண்டுமாம். போகலாமா?
– அச்சகம், ஆயர் குரோ

1985இல் ஐவன் மைஸ்னர் என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கியது. ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒரே ஆள். ஒருவருக்கு ஒருவர் வாடிக்கையாளரை அனுப்பி வைக்க வேண்டும். நோட்டீஸ் அடிக்கிறவருக்கு நல்ல இடம்தான், அங்கே எல்லாருக்கும் பேர் அட்டை வேண்டும்.

விடிகாலைக்கா பயம்? தாத்தா இருட்டோடு எழுந்து தோட்டத்துப் பெரட்டில் நின்றார். அங்கே நின்றால் கித்தா மரம்தான் கிடைத்தது. இங்கே கட்டணம் கட்டிவிட்டு நிற்கிறீர்கள், ஆர்டராவது கிடைக்கட்டும்.

நண்பர் ஒருவர் 'நெட்வொர்க் பிசினஸ்' இருக்கிறது, ஹோட்டலுக்கு வா என்கிறார்.
– தொழிற்சாலை ஊழியர், டுரியான் துங்கால்

பொருளை விற்றால் காசா, ஆளைச் சேர்த்தால் காசா என்று கேள். இரண்டாவது என்றால், அந்த நண்பருக்காகவே ஒரு சட்டம் இருக்கிறது: நேரடி விற்பனை, பிரமிட் திட்ட எதிர்ப்புச் சட்டம் 1993. தேநீர் மட்டும் குடித்துவிட்டு வா. அதுகூட உன் கணக்கில் எழுதியிருப்பார்.

வீட்டில் பெண்களைக் கூட்டி வைத்துப் பாத்திரம், சேலை விற்கலாமா? இது பழைய முறையாமே.
– குடும்பத் தலைவி, ஜாசின்

பழையது, பலமானது. டப்பர்வேர் 1951இல் கடைகளிலிருந்து தன் டப்பாக்களை எடுத்துவிட்டு, வீட்டு விருந்துகளில் மட்டும் விற்றது. அந்த யோசனையை வளர்த்தவர் பிரவுனி வைஸ் என்ற பெண். 1954இல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் வந்த முதல் பெண் அவர். 1958இல் கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. 2024இல் கம்பெனியே திவால் மனுப் போட்டது.

கூட்டுங்கள். ஆனால் அதே கூட்டத்தில் சீட்டுப் பிடிக்காதீர்கள். கூட்டு நிதித் தடைச் சட்டம் 1971 என்று ஒன்று இருக்கிறது. சேலை கிழிந்தால் மாற்றிக் கொடுக்கலாம், சீட்டு கிழிந்தால் ஊர் மாற வேண்டும்.

வாடிக்கையாளர் விலை கேட்டால் 'பி.எம். தெப்பி' (தனிச்செய்தியில் வாருங்கள்) என்கிறேன். ஏன் கோபப்படுகிறார்கள்?
– கைவினை நகை விற்பவர், பெம்பான்

சட்டமும் கோபப்படும். 2012இல் வந்த மின்வணிக விதிகளிலேயே விற்பவர் பேர், தொடர்பு எண், முழு விலை, பணம் கட்டும் வழி எல்லாம் வெளியில் போட வேண்டும் என்று இருந்தது. தோட்டுக்கு 15 வெள்ளி என்பதை ராணுவ ரகசியம் மாதிரிக் காதில் சொல்ல வேண்டுமா?

ராணுவ ரகசியம் என்றதும் நினைவு வந்தது. தெரெண்டாக் கெம்முக்குள் எப்படி நுழைந்து வியாபாரம் பிடிப்பது?
– சாப்பாட்டு ஒட்டுக்கடை, சுங்கை ஊடாங்

(முந்தைய பதிலை அச்சாகும் முன்பே எப்படிப் படித்தீர்கள்? உங்களுக்கு ஒற்றர் வேலை பொருந்தும்.)

நுழையாதீர்கள். துப்பாக்கி இருக்கிறது. வெளியே வருகிறவர்களைப் பிடியுங்கள்.

1960களில் அந்த கெம்மில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகள் இருந்தன. 28ஆவது காமன்வெல்த் படைப்பிரிவு. இன்று நம் நாட்டு ராணுவம். வாடிக்கையாளர் மொழி மாறிவிட்டது, உங்கள் பலகை மாறவில்லை. முகநூல் பக்கத்தை எட்டிப் பார்த்தேன், பொங்கல் வாழ்த்திலிருந்து வடை விலை வரை எல்லாம் தமிழில். தமிழ் இருக்கட்டும், எனக்கும் உயிர்தான். அதற்குக் கீழே மலாயில் இரண்டு வரி போட்டால் தமிழ்த்தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு எச்சரிக்கை: சான்றிதழ் இல்லாமல் ஹலால் சின்னத்தை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், குற்றம். என்ன போட்டுச் சமைக்கிறீர்கள் என்று நேர்மையாக எழுதுங்கள். தைபாய்டு ஊசி, உணவு கையாள்வோர் பயிற்சி இரண்டும் முடித்தீர்களா? அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சிலர் சாமியை நம்புவார்கள், சிலர் சான்றிதழை.

இன்னொன்று. பட்டாளத்துக்காரருக்கு மாற்றல் வரும். போகிறவரிடம் "உங்கள் வீட்டுக்குக் குடிவருபவருக்கு என் எண்ணைக் கொடுங்கள்" என்று சொல்லி ஒரு பொட்டலம் இலவசமாகக் கட்டிக் கொடுங்கள். பத்து வெள்ளி செலவில் இதைவிட நல்ல விளம்பரம் எந்தத் திரையிலும் கிடையாது.

இணையம் இல்லாத காலத்தில் மலாக்காக்காரர்கள் எப்படி வாடிக்கையாளர் பிடித்தார்கள்?
– பல்கலைக்கழக மாணவி, டுரியான் துங்கால்

மகளே, உனக்கு ஒரு ஆளைக் காட்டுகிறேன். 1796இல் இதே மலாக்காவில் பிறந்தவர், தமிழும் அரபும் கலந்த குடும்பம். அப்துல்லா என்று பேர். சின்ன வயதிலேயே எழுதிக் கொடுத்துக் காசு பார்த்தார். முதல் வாடிக்கையாளர்கள் யார்? கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்குக் குர்ஆன் பகுதிகளைப் படியெடுத்துக் கொடுத்தார், மலாய் சொல்லிக் கொடுத்தார். 'முன்ஷி' என்ற பட்டம் அங்கே ஒட்டியது.

அப்புறம் பேர் பரவியது. ஜாவாப் படையெடுப்புக்கு முன் ஆங்கிலேயத் துரை ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியபோது அவருக்கு எழுத்தர். 1815இல் பாதிரியார் மில்ன் வந்திறங்கியதும் அவருக்கு மலாய் வாத்தியார். பாதிரிமார் அச்சகம் வைத்தார்கள், அங்கேயும் இவர் கை. சிப்பாய், துரை, பாதிரி: மூன்று உலகம், ஒரே பேனா. முகநூல் இல்லை, பூஸ்ட் இல்லை. எழுத்து நன்றாக இருந்தது, பார்த்தவன் இன்னொருவனிடம் சொன்னான்.

கோட்டைக்குப் பக்கத்தில் அவர் கடை போட்டார். கெம்முக்குப் பக்கத்தில் நாம் போட்டிருக்கிறோம். அவர் பேரில் இன்று பள்ளிக்கூடம் இருக்கிறது, நம் பேரில் மின்சாரப் பாக்கி இருக்கிறது.

ஒரே பெரிய கம்பெனி எனக்கு எல்லா ஆர்டரும் கொடுக்கிறது. புது ஆள் தேட வேண்டுமா?
– லோரி வாடகை, மெர்லிமாவ்

தமிழ் வணிகர் ஒருவர் மலாக்காவில் இருந்தார், போர்த்துக்கீசியர் அவரை நைனா சத்து என்றார்கள். 1509இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவினார். 1511இல் அவர்கள் ஊரைப் பிடித்ததும் பண்டஹாரா பதவி கொடுத்தார்கள். ஆகப் பெரிய வாடிக்கையாளர்! 1514இல் அதே கை அந்தப் பதவியைப் பிடுங்கிக் கம்பார் அரசரிடம் கொடுத்தது. அவமானம் தாங்காமல் தீயில் இறங்கினார் என்று அவர்கள் வரலாறே எழுதியிருக்கிறது.

தேடுங்கள் ஐயா. இன்றைக்கே.

தமிழர்தான் உலகில் முதலில் நெட்வொர்க்கிங் செய்தார்கள் என்று எங்கள் வாத்தியார் சொல்கிறார்.
– ஐந்தாம் படிவ மாணவன், தங்கா பத்து

'உலகில் முதலில்' என்றால் சீனர் சிரிப்பார், அரபி கணக்குப் புத்தகத்தை எடுப்பார். ஆனால் 1088இல் சுமத்திராவின் பாருஸ் கரையில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு தமிழில் கல்வெட்டு வைத்தது உண்மை. வருகிற மரக்கலத்தார் கஸ்தூரி விலையை அளவாக வைத்துப் பொன் கட்ட வேண்டும் என்று அதில் விதி. குழு அட்மின் அப்போதே நுழைவுக் கட்டணம் வாங்கியிருக்கிறார்.

மகள் கடை வாசலில் ஆடிய டிக்டாக் காணொளியை 80,000 பேர் பார்த்தார்கள். விற்பனை ஏறவில்லை.
– ஆட்டுக்கறிக் கடை, மலாக்கா

ஆட்டம் பார்க்க வந்தவர் ஆட்டுக்கறி எதற்கு வாங்குவார்? மகளைப் படிக்க விடுங்கள். கத்தியை எடுங்கள். தொடைக்கறிக்கும் விலாக்கறிக்கும் என்ன வித்தியாசம், எது வறுவலுக்கு, எது சூப்புக்கு என்று அரை நிமிடத்தில் வெட்டிக் காட்டுங்கள். எட்டாயிரம் பேர் பார்த்தாலும் அதில் எட்டுப் பேர் வீட்டில் சட்டி காத்திருக்கும்.

சாட்ஜிபிடியிடம் வடை விளம்பரம் எழுதச் சொன்னேன். அருமையாக எழுதியது. அனுப்பட்டுமா?
– மாலை நேர வடைக் கடை, லுபோக் சீனா

படித்தேன். 'உங்கள் சுவை மொட்டுகளுக்கு ஒரு மறக்க முடியாத பயணம்.' மொட்டு செடியில் இருக்கட்டும், பயணம் பஸ்ஸில் போகட்டும். இப்படிப் போடுங்கள்: 'உளுந்து வடை. அஞ்சு மணிக்கு எண்ணெய் காயும். ஆறரைக்குச் சட்டி கழுவிவிடுவோம்.' ஆறு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்கிறதா பாருங்கள்.

5,000 கைப்பேசி எண்கள் கொண்ட பட்டியலை ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
– காப்புறுதி முகவர், ஆயர் குரோ

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. அனுமதியில்லாமல் அப்படித் தரவை விற்றால் ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. வாங்கிய கையையும் கேட்பார்கள். பட்டியலைத் திறந்து பாருங்கள், உங்கள் எண்ணும் அதில் இருக்கும்.

ஏர்கோன் பழுது பார்ப்பவன் நான். எனக்கு டிக்டாக் வேண்டுமா, இன்ஸ்டாகிராம் வேண்டுமா?
– ஏர்கோன் தொழிலாளி, கிளேபாங்

இரண்டும் வேண்டாம் தம்பி. ராத்திரி பதினோரு மணிக்கு ஏர்கோன் ஒழுகினால் யாரும் நடனம் பார்க்க மாட்டார்கள். கூகுளில் 'பக்கத்தில் ஏர்கோன்' என்று தேடுவார்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம். வேலை நேரம், எண், செய்த வேலையின் படம் போடு. வேலை முடிந்து குளிர்காற்று வரும் அந்த நிமிடத்தில் மதிப்புரை கேள். வேர்வையோடு இருப்பவனிடம் கேட்காதே.

மைத்துனர்கள் பத்துப் பேரை வைத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னேன். தப்பா?
– அதே ஊர், வேறு ஆள்

பத்துப் பேரும் 'சேவை' என்பதை 'சோவை' என்று எழுதியிருக்கிறார்கள். குடும்ப ஒற்றுமைக்கு வாழ்த்துகள்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 'ஷட்டவுன்' காலத்தில் சாப்பாட்டு ஆர்டர் குவியும் என்கிறார்கள். எனக்கு மட்டும் வரவில்லை.
– சாப்பாடு குத்தகை, தங்கா பத்து

ஆலை 1994இலிருந்து ஓடுகிறது. பராமரிப்புக்கு நிறுத்தும்போது வெளியூர் ஆட்கள் கூட்டமாக வருவார்கள். அவர்கள் பசிக்கும்போது உங்களைத் தேடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே யாரோ ஒரு குத்தகைக்காரர் சாப்பாட்டுக்குப் பேசி முடித்திருப்பார்.

லிங்க்ட்இன் திறங்கள். சோறு விற்க அல்ல. அங்கே எல்லாரும் 'பெருமையுடன் அறிவிக்கிறேன்' என்று எழுதுவார்கள். எந்தக் கம்பெனிக்கு எந்த வேலை கிடைத்தது என்பதை அவர்களே ஒப்பிப்பார்கள். அந்தக் கம்பெனி அலுவலகக் கிராணியைக் கண்டுபிடித்து இரண்டு பொட்டலம் மாதிரி கொடுங்கள். மேலாளருக்கு வேண்டாம், அவர் டயட்டில் இருப்பார்.

வியாபாரத்தைப் பதியாமல் இணையத்தில் விற்றால் என்ன?
– கேக் செய்பவர், காடேக்

சொந்தப் பேரில் என்றால் எஸ்.எஸ்.எம்.மில் (நிறுவன ஆணையம்) பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்கு வேறு பேர் வைத்தால் 60. நீங்கள் ஒரு கேக்கில் எழுதும் 'ஹேப்பி பர்த்டே'க்கே அவ்வளவு வாங்குகிறீர்கள்.

தெக்குனில் இந்திய வியாபாரிகளுக்கான ஸ்புமி கடன் வாங்கி விளம்பரம் செய்யலாமா?
– கைப்பேசிக் கடை, மஸ்ஜித் தானா

மாவு அரைக்கும் எந்திரம் வாங்கக் கடன் வாங்கினால் எந்திரமாவது மிஞ்சும். விளம்பரத்துக்குக் கடன் வாங்கினால் தவணை மட்டும் மிஞ்சும். முதலில் கைக்காசில் ஐம்பது வெள்ளிக்குச் சோதனை செய்யுங்கள். அது நூறாகத் திரும்பினால் அப்புறம் தெக்குன் வாசல்.

வாடிக்கையாளர் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, நேரம் இல்லாமல் மறந்துவிடுகிறேன்.
– மணவறை அலங்காரம், அலோர் காஜா

வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கினார், பத்தாவது. நீல டிக் விழுந்தும் பதில் சொல்லாதவருக்கு ஒரு குறளும் வைக்கவில்லை. அப்படி ஒரு பிறவி வரும் என்று அவருக்கே தோன்றவில்லை போல.

2018இல் வந்த வாட்சப் பிசினஸ் செயலியில் தானாகப் பதில் போகும் வசதி உண்டு. 'இரவு எட்டுக்குள் கூப்பிடுகிறேன்' என்று வையுங்கள். எட்டுக்குள் கூப்பிடுங்கள். இரண்டாவதற்குச் செயலி கிடையாது.

மோட்டாரில் ஹாரன் அடித்து இடியப்பம் விற்பவரும் இணையத்துக்கு வர வேண்டுமா?
– வாசகர், சுங்கை ஊடாங்

அவர் எதற்கு? தாமான் முழுக்க அந்த ஹாரனுக்குக் காது கொடுத்துக் கிடக்கிறது. நம் கைப்பேசி ஒரு நாளைக்கு நூறு தரம் மணி அடித்தாலும் நாம் எழுவதில்லை. அவர் ஒரு தரம் அடித்தால் பாட்டி தட்டோடு வாசலில்.

பத்திரிகை விளம்பரம் செத்துவிட்டது என்கிறார்களே?
– கணினி நிபுணர், மலாக்கா

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது துக்கம் விசாரித்தவர்களை எண்ணினேன். சந்தாக் கட்டியவர்களைவிட அதிகம் போலிருந்தது. கல்யாண மண்டபம், நகைக்கடை, பஞ்சாங்கம் வாங்குகிற வயதினர் இன்னும் தாளில்தான் படிக்கிறார்கள். இந்தப் பக்கத்துக்குக் கீழே ஒரு கால் பக்கம் காலியாக இருப்பதையும் நிபுணர் கண்டிருப்பார்.

எல்லாருக்கும் யோசனை சொல்கிறீர்கள். உங்களுக்கு முகநூலில் பக்கம் உண்டா மாமா?
– குறும்புக்காரி, செங்

உண்டு. நடத்துவது உங்கள் மாமி. நான் படம் எடுத்துக் கொடுக்கும் கூலி இல்லாத ஆள். வெங்காய வடகம், பாக்கெட் ஐந்து வெள்ளி, நான்கு எடுத்தால் பதினெட்டு. சுங்கை ஊடாங்குக்குள் என்றால் நானே மோட்டாரில் கொண்டுவருவேன். வெயில் அடித்தால் மட்டும்.